முடிச்சு இல்லாத கையுறை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளா வேளைக்குச் சாப்பிடுகிறேன். கல் சுற்றுவதால் எனக்குத் தலை சுற்றுவதில்லை. இந்த மூன்றையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு மீதியை நீ தனியாகப் படித்துக்கொள்.

நாங்கள் பத்துப் பேர் குடியிருக்கும் இந்த விண்கல்லுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒரு நீள எண். நாங்கள் வைத்த பெயர் கிழங்கு. ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் சொத்தை விழுந்து, பார்க்க அசல் உருளைக்கிழங்குதான். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அரை மணி நடை இருக்கும். ஆனால் நடக்க முடியாது. காலை ஊன்றினால் எகிறிப் போய்விடுவோம். கம்பியில் கொக்கியை மாட்டிக்கொண்டு கையால்தான் நகர வேண்டும். இங்கே கால் சும்மா கூடவே வரும் சொந்தக்காரன் மாதிரி. வேலையெல்லாம் கைதான் செய்கிறது.

நான் தங்கம் வெட்டப் போயிருப்பதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்படியே பேசட்டும், நீ திருத்தாதே. நான் வெட்டுவது பனிக்கட்டி. அதைப் பைக்குள் அள்ளிச் சூடாக்கித் தண்ணீராக்குகிறோம். இந்தப் பக்கம் போகிற கப்பல்களெல்லாம் எங்களிடம்தான் தண்ணீர் பிடிக்கின்றன. இத்தனை தூரம் வந்து தண்ணீர்க்குழாயடியில் நிற்கிறேன்.

முக்கியமான சேதி. போன வாரம் சரக்குக் கப்பல் வந்தது. அதில் உங்கள் பட்டறையிலிருந்து பத்து ஜோடிக் கையுறை. பெட்டியைத் திறந்ததும் மற்றவர்கள் எண்ணைப் பார்த்தார்கள், நான் ஒவ்வொன்றின் மணிக்கட்டுப் பட்டையையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் இருந்தது, உன் முடிச்சு. மூன்று சுற்று சுற்றி இழுத்த முடிச்சு. என் பள்ளிக்கூடச் சட்டைப் பித்தான்களுக்கு நீ போட்ட அதே முடிச்சு. அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது தினமும் வெளியே போகிறேன்.

எங்கள் மேஸ்திரி அம்மா அதிகம் பேசமாட்டார். ஆனால் நேற்று, “இப்படியே வேலை பாத்தா வருஷக் கடைசில புது துளைப்பு எந்திரத்த உன்கிட்டயே குடுத்துடலாம்” என்றார். அதற்கு ஒரு வருடம் வெளிவேலை முடித்திருக்க வேண்டும். வெளியே போகாத ஆள் இங்கே ஆளே இல்லை. உள்ளே உட்கார்ந்து வடிகட்டி துடைக்கலாம், அவ்வளவுதான். எனக்கு அந்த எந்திரம் வேண்டும் அக்கா. வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எழுது.

பாசத்துடன்,
தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா சுகம். நானும் சுகம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, அதுவும் என்னோடு பட்டறைக்கு வந்து போகிறது. உன் மூன்று வாக்கியத்தையும் அம்மாவுக்குப் படித்தேன். “அவன் பொய் சொல்றான், தலை சுத்தாம எப்படி இருக்கும்?” என்றாள்.

என் முடிச்சு உன் கைக்கே வந்து சேர்ந்துவிட்டதா! நாற்பது மேசை இருக்கும் பட்டறையில், பதினோரு கல்லுக்கு உறை போகிறபோது, அது உன்னிடம் வர வேண்டும் என்று இருந்திருக்கிறதே. யாருக்குத் தைக்கிறோம் என்று எங்களுக்குச் சொல்வதே இல்லை. ஒரு எண், கையை வரைந்த ஒரு தாள், இவ்வளவுதான் மேசைக்கு வரும். தெரிந்தவர்களின் கை என்றால் தைக்கிற கை நடுங்குமாம், அதற்காக இந்த விதி.

நான் தைப்பது நடுத்துணி. உள்ளே காற்று நிற்கும் ரப்பருக்கும் வெளியே இருக்கும் தடித்த உறைக்கும் நடுவில் வருவது. ஒவ்வொரு விரலடியிலும் ஒரு வரிசைத் தையல் போதும் என்று மாதிரித்தாள் சொல்கிறது. நான் இரண்டு வரிசை போடுகிறேன். ஒரு கைக்குப் பதினோரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. எங்கள் மேற்பார்வையாளர், அதுதான் எப்போதும் கையில் அளவுகோலோடு திரிவதால் நாங்கள் ஸ்கேல் சார் என்று கூப்பிடுவோமே, அவர் இதற்காக வாரம் ஒருமுறை என்னைத் திட்டுகிறார். “தாள்ல இருக்கா? இல்லல்ல. அப்புறம் எதுக்கு?” என்கிறார். எதற்கு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு வரிசையோடு விட்டால் வீட்டுக் கதவைப் பூட்டாமல் வந்தது போல இருக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒன்பது வயதில் சைக்கிள் செயினுக்குள் விட்டுக் கோணலாக்கிக்கொண்டாயே, அந்த இடதுகை ஆள்காட்டி விரல். அந்தக் கோணலை நான் தைத்த ஞாபகமே இல்லையே. போன வருடம் என் மேசைக்கு வந்ததெல்லாம் நேர் விரல்கள். உறை உனக்குச் சரியாக இருக்கிறதா?

எழுதவும்.
அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். அம்மாவிடம் மூன்று தடவை சொல்.

புதிதாக ஓர் இடத்தில் ஐஸ் கிடைத்துவிட்டது. சொத்தை விழுந்த பக்கத்தில், நாற்பது அடி ஆழத்தில், தடிமனாக ஒரு அடுக்கு. துளைத்தது நான். எந்திரம் திடீரென்று லேசாகி வழுக்கியபோது என் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. பார்க்க அப்படி ஒன்றும் அழகில்லை, கரி கலந்த அழுக்கு ஐஸ். ஆனாலும் பத்துப் பேரும் ஒருவர் கொக்கியை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மேஸ்திரி அம்மா என் தலைக்கவசத்தில் இரண்டு தட்டு தட்டினார். இங்கே அது பெரிய பாராட்டு.

எங்களோடு நெட்டை என்று ஒருவன் இருக்கிறான். பெயருக்கு ஏற்ற உயரம், கை விரலெல்லாம் முருங்கைக்காய் நீளம். என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. அவனோடுதான் எனக்கு ஜோடி வேலை.

விரல் விஷயம் கேட்டிருந்தாய். உனக்கு வயதாகிறது, ஞாபகம் போகிறது. வேறென்ன சொல்ல?

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே?

பதினைந்து நாளுக்கு ஒருமுறை உங்கள் கல்லிலிருந்து தபால் மூட்டை வருகிறது. நீ கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பு என்று அமுக்கினால் போதும். அதற்குக்கூட நேரம் இல்லையா? இரண்டு மூட்டை வந்தாயிற்று. இரண்டிலும் உன் கடிதம் இல்லை. கம்பெனியில் கேட்டேன். “எல்லாரும் பத்திரம்” என்று ஒரு பெண் சொன்னாள், நான் கேட்டு முடிப்பதற்குள்.

அம்மாவுக்கு உன் பழைய கடிதத்தையே தேதி மாற்றிப் படித்தேன். “மறுபடியும் ஐஸ் கெடச்சுதா?” என்று கேட்டாள். “ஆமாம்மா, மறுபடியும் கெடச்சுது” என்றேன். “கெட்டிக்காரன்” என்றாள். அடுத்த மூட்டையிலும் ஒன்றும் வராவிட்டால் மூன்றாவது ஐஸுக்கு நான் எங்கே போவது?

கோபம் இல்லை. பயம்தான். இரண்டு வரி போதும்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். எழுதாமல் போனதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

இப்போது என்னை உள்வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். வடிகட்டிகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவது. கொஞ்ச நாளைக்குத்தான். புது எந்திரம் வருட இறுதியில்தானே, பார்க்கலாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள். உன் முதுகையும்.

ஒரு விஷயம். அந்த இரண்டாவது வரிசைத் தையலை விட்டுவிடாதே. ஸ்கேல் சார் என்ன சொன்னாலும் சரி.

தம்பி


மே 22

மேஸ்திரி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாம் பார்த்துக்கொண்டதில்லை. உங்களிடம் வேலை பார்க்கும் துளைப்புக்காரனின் அக்கா நான். கையுறைப் பட்டறையில் பன்னிரண்டு வருடமாகத் தைக்கிறேன். நீங்களும் உங்கள் ஆட்களும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை உங்கள் கல்லிலிருந்து ஒரு தாள் வந்தது. எட்டாம் எண், இடது கை. சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. அப்படி ஒரு கைக்கு எங்களிடம் மாதிரியே கிடையாது. மேற்பார்வையாளர் மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார், யாராவது முயற்சி செய்கிறீர்களா என்று. எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். என்னிடம் வந்தது. மீதி இருந்த ஆள்காட்டி விரல் கோணலாக இருந்தது. அந்தக் கோணலை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான்.

அவன் எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. வேலை அதிகம் என்கிறான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். என் முடிச்சு போட்ட உறையைத்தான் போட்டுக்கொண்டு போவதாகப் பிப்ரவரியில் எழுதியிருந்தான். விரல் போனது அந்த உறைக்குள்ளிருந்துதானா? நான் தைத்தது விட்டுக்கொடுத்துவிட்டதா?

பதில் வரும் வரை ஊசியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். முதுகுவலி என்று சொல்லி, உறைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும் மேசைக்கு மாற்றிக்கொண்டேன். அந்தத் தாள் யாரும் தொடாமல் கிடக்கிறது.

உண்மையை எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம்.

இப்படிக்கு,
எட்டாம் எண்ணின் அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

வணக்கம். இங்கே பத்துப் பேரும் உயிரோடு இருக்கிறோம். எனக்கு நீட்டி எழுத வராது.

நீங்கள் தைத்த உறைதான். பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் நீங்கள் நினைப்பது போல நடக்கவில்லை. எப்படி நடந்தது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை அவனிடம் காட்டினேன். “சொன்னா அவங்க தாங்கமாட்டாங்க” என்றான். “சொல்லாம இருந்துதான் இப்ப தாங்கமாட்டாம இருக்காங்க” என்றேன். அடுத்த மூட்டைக்குள் அவன் எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

நாள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் 25-க்கு மேல் நாங்கள் சூரியனுக்குப் பின்னால் போய்விடுவோம். நாற்பது நாள் எந்தத் தபாலும் வராது, போகாது. சரக்குக் கப்பல் ஜூலை 12 அங்கிருந்து கிளம்புகிறது. அதில் எட்டாம் எண் உறை இல்லாவிட்டால் அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து. அதுவரை அவன் வடிகட்டி துடைக்க வேண்டும். நல்ல துளைப்புக்காரன். துடைத்தால் கெட்டுப்போவான்.

உங்களை வற்புறுத்தவில்லை. தேதியைச் சொன்னேன்.

மேஸ்திரி


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று யோக்கியதை இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த உறை எனக்கு வந்ததே இல்லை. அது நெட்டைக்கு வந்தது.

பெட்டியைத் திறந்த அன்று உன் முடிச்சு அவன் உறையில் இருந்தது. என்னுடையதை வேறு யாரோ தைத்திருந்தார்கள். என் அளவுக்கு, என் கோணலுக்கு, கச்சிதமாகத்தான் தைத்திருந்தார்கள். நான் அவனிடம் போய், “இது எங்கக்கா தச்சது, எனக்குக் குடுத்துடேன்” என்று கேட்டேன். மாற்றக்கூடாது என்று விதி. அவன், “உன்னோடது எனக்குச் சின்னதாத்தான் இருக்கும், பரவால்ல, வாங்கிக்க” என்று கொடுத்துவிட்டு, என்னுடையதில் விரலை மடக்கித் திணித்துக்கொண்டான். இரண்டு மாதம் இருவரும் யாருக்கும் சொல்லாமல் ஒருவர் கையை ஒருவர் போட்டுக்கொண்டு அலைந்தோம்.

நீ பிப்ரவரியில் சரியாகக் கேட்டாய், உறை சரியாக இருக்கிறதா என்று. விரல் நுனியில் அரை அங்குலம் காலியாக இருந்தது. நான் உனக்கு வயதாகிவிட்டது என்று எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மார்ச் 26. ஐஸ் மூட்டையைக் கம்பியில் இழுத்துக்கொண்டிருந்தோம். கம்பி ஓடும் கப்பிக்கு அருகே என் இடது கை. காலியாக இருந்த நுனியைக் கப்பி கவ்வியது. என் விரலாக இருந்திருந்தால் பட்டதும் இழுத்திருப்பேன். அது வெறும் துணி, எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது இரண்டு விரல் உள்ளே போயிருந்தது.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி. மேலுறை கிழிந்தது. ரப்பரும் கிழிந்தது. கிழிசல் விரல் வழியாக உள்ளங்கையை நோக்கி ஓடி வந்தது. விரலடியில், உன் முதல் வரிசையைத் தாண்டியது. இரண்டாவது வரிசையில் நின்றுவிட்டது. அங்கேயே நின்றது அக்கா. காற்று கசிந்ததே தவிர ஒரேயடியாகப் போய்விடவில்லை. அந்த இடைவெளியில்தான் மேஸ்திரி அம்மா என் மணிக்கட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி உள்ளே இழுத்துவந்தார். டாக்டர் அந்த உறையை விரித்துக் காட்டினார். “ஒரு வரிசைதான் இருந்திருந்தா உன்ன மூட்டையாத்தான் கொண்டு வந்திருப்போம்” என்றார்.

இரண்டு விரலை எடுத்தது என் புத்தி. மீதி ஆளைக் காப்பாற்றியது உன் பதினோரு நிமிடம்.

அந்த முடிச்சு கையில் இருந்தால் நீ பக்கத்தில் இருப்பது போல இருந்தது. அதனால்தான் கேட்டு வாங்கினேன். இதைச் சொன்னால் பழியை உன் மேல் போட்டுக்கொள்வாய் என்று மறைத்தேன். மறைத்ததால் நீ அதைத்தான் செய்தாய்.

நெட்டை தினமும் என் தட்டைக் கழுவி வைக்கிறான். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

இன்னும் நான்கு நாளில் தபால் நின்றுவிடும். ஊசியை எடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ எடுக்காவிட்டாலும் புரிந்துகொள்வேன். வடிகட்டி துடைக்கவும் ஒரு ஆள் வேண்டும்தானே.

தம்பி


ஜூலை 18

தம்பிக்கு,

சூரியன் நகரும் வரை இந்தக் கடிதம் மூட்டையிலேயே கிடக்கும். கிடக்கட்டும். என் கோபம் ஆற அத்தனை நாள் வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை, நீ பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். விண்வெளியில் போய்ப் பிறர் சட்டையைப் போட்டுக்கொள்ளும் சின்னப் பிள்ளையா நீ? மூன்றாவது தடவை, இரண்டாவது வரிசை பற்றிய பத்தியை மட்டும் படித்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்து நாம் பட்டது போதும். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, “எந்தக் கை?” என்றாள். “இடது கைம்மா.” “சாப்பிடுறது வலது கைலதான?” “ஆமா.” “அப்ப சரி, எழுதச் சொல்லு” என்றாள். அன்று மாலை நான் இல்லாதபோது அழுதிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் கேட்கவில்லை.

கப்பல் 12-ஆம் தேதி சொன்னபடி கிளம்பிவிட்டது. நவம்பரில் வந்து சேரும். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எந்தக் கடிதத்திலும் கேட்காதே. கேட்டால் பதில் வராது. நீ மூன்று மாதம் எனக்குச் சொல்லாமல் இருந்தாய், நான் நான்கு மாதம் சொல்லாமல் இருக்கிறேன்.

நெட்டைத் தம்பியிடம் தட்டுக் கழுவியது போதும் என்று நான் சொன்னதாகச் சொல். மாட்டேன் என்று சொல்லப் பழகவும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கை குளிரில் வலிக்கிறதா?

அக்கா


நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கையில் வலி இல்லை.

நேற்று கப்பல் வந்தது. பெட்டியைப் பொது அறையில் வைத்துத் திறந்தோம். சுற்றிப் பத்துப் பேர் மிதந்துகொண்டு. யாரும் தன் எண்ணைத் தேடவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அடியில் இருந்தது. எட்டாம் எண். இடது கையில் மூன்றே விரல்.

பட்டையைத் திருப்பினேன். முடிச்சு இல்லை.

இன்னொரு தடவை திருப்பினேன். மறுபக்கமும் பார்த்தேன். எதுவும் இல்லை. வழவழவென்று இருந்தது. யாரோ நல்ல மனது உள்ளவர் தைத்துக் கொடுத்திருக்கிறார், அக்கா ஊசியைத் தொடவில்லை என்று நினைத்தேன். நீ மன்னிக்கவில்லை என்று நினைத்தேன். உறை கிடைத்துவிட்டது, எந்திரத்துக்கு வழி பிறந்துவிட்டது, குதிக்க வேண்டியவன் மூலையில் போய் ஒட்டிக்கொண்டேன். நெட்டை என் பக்கத்தில் வந்து மிதந்தான்.

மேஸ்திரி அம்மாதான் உறையை எடுத்துவந்து நீட்டினார். “முடிச்ச அப்புறம் தேடு. முதல்ல கைய உள்ள விடு.”

விட்டேன்.

ஆள்காட்டி விரல் போய்க் கோணலில் உட்கார்ந்தது. தாளைப் பார்த்து யாரும் கோணலைத் தைக்கலாம், சரி. ஆனால் அந்த விரலை மடக்கும்போது இரண்டாவது கணுவில் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பும், உனக்குத் தெரியும். நேராக மடக்கினால் இன்றும் வலிக்கும். தாளில் அது இருக்காது, தாளில் இருப்பது நீட்டிய கை. இந்த உறை நான் மடக்க மடக்கக் கூடவே வெளிப்பக்கம் திரும்பியது. விரல் இல்லாத பக்கத்தில் உள்ளே மெத்தென்று ஒரு துணி மடிப்பு, தழும்பு உரசாமல். விரலடியில் தடவிப் பார்த்தேன். இரண்டு வரிசை.

அதற்கு மேல் நான் முடிச்சைத் தேடவில்லை. அழுதேன். இங்கே கண்ணீர் கீழே விழாது, கண்ணிலேயே உருண்டையாக நிற்கும், துடைத்துவிட ஆள் வேண்டும். நெட்டை துடைத்தான்.

அப்புறம்தான் கவனித்தோம். பத்து ஜோடியிலும் இரண்டு வரிசை.

இன்று காலை நான்கு மணி நேரம் வெளியே இருந்தேன். ஏழரை மாதம் கழித்து. கம்பியைப் பிடித்தபோது, கட்டைவிரலையும் சேர்த்து மூன்றே விரல் என்றாலும், பிடி நின்றது. மேஸ்திரி அம்மா புது எந்திரத்தின் கைப்பிடியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, “ஏழு மாசம் கழிச்சு வந்திருக்க, அதனால ஏழு மாசம் கழிச்சுத் தரேன். இன்னிக்குத் தொட்டுப் பாத்துக்க” என்றார். தொட்டுப் பார்த்தேன். ஜூனில் அது என்னுடையது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏன் முடிச்சு போடவில்லை?

தம்பி


நவம்பர் 30

தம்பிக்கு,

அம்மா சுகம். நீ வெளியே போனதைப் படித்ததும், “தலை சுத்துச்சான்னு கேளு” என்றாள். கேட்டாயிற்று. என் முதுகும் பரவாயில்லை. தையல் மேசைக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது.

உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்த மறுநாளே ஸ்கேல் சாரிடம் போனேன். அந்தத் தாளைக் கொடுங்கள் என்றேன். யாருடைய கை என்பதையும் சொல்லிவிட்டேன். விதிப்படி அவர் தரக்கூடாது. அளவுகோலால் தன் உள்ளங்கையில் தட்டிக்கொண்டார். பிறகு, “நீங்க எதுவும் சொல்லல. எனக்கும் காது கேக்கல. தாள் கீழ விழுந்துச்சு, எடுத்துக்குங்க” என்று தாளை என் மேசை மேல் வைத்தார். கீழேகூடப் போடவில்லை.

முதல் உறை கை நடுங்கிப் பாழாயிற்று. விதி போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதைத் தைக்கும்போது நடுங்கவில்லை. என் இடதுகை ஆள்காட்டி விரலை நீ மடக்குவது போலவே மடக்கி மடக்கிப் பார்த்துத் தைத்தேன். பக்கத்து மேசைக்காரி எனக்கு வாதம் என்று நினைத்துவிட்டாள்.

உங்கள் மேஸ்திரி அம்மா அந்தக் கிழிந்த உறையைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். மாதிரித்தாள் மாறிவிட்டது. இப்போது பதினோரு கல்லுக்கும் இரண்டு வரிசைதான். ஸ்கேல் சார் மேசை மேசையாகப் போய் இரண்டாவது வரிசையை அளக்கிறார். என் மேசையைத் தாண்டும்போது மட்டும் அளப்பதில்லை.

முடிச்சு பற்றிக் கேட்டாய்.

மூன்று சுற்று சுற்றினேன். இழுப்பதற்கு முன் நிறுத்திவிட்டேன். முடிச்சைப் பார்த்துத்தான் நீ பொருந்தாத உறைக்குள் கையை விட்டாய். இன்னொரு தடவை அப்படி நடக்க நான் நூல் கொடுக்கமாட்டேன். உனக்குப் பொருந்துவதுதான் நான் தைத்தது, அவ்வளவுதான் அடையாளம். சுற்றியதைப் பிரித்து நூலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த நூல் வீணாகவில்லை. நீ வரும்போது போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைக்க ஆரம்பித்திருக்கிறேன். நீல நிறம், ஆறு பித்தான், ஆறுக்கும் முடிச்சு போடப் போகிறேன். இத்தனை நாளில் நீ இளைத்தாயோ பெருத்தாயோ தெரியாது, குத்துமதிப்பாகத்தான் வெட்டியிருக்கிறேன். சட்டைக்கு அளவு பிசகினால் ஒன்றும் ஆகிவிடாது. வந்து போட்டுக்காட்டு, பிரித்துத் தைத்துத் தருகிறேன்.

அக்கா